காத்து மெத்தையும் பத்தாத அடுப்பும்

அசையக் கூடாது. நான் இந்தப் பக்கம் கொஞ்சம் புரண்டா அத்தை அந்தப் பக்கம் ஒரு சாண் மேல ஏறுவாங்க, காத்து மெத்தையோட குணம் அப்படி, அதுலயும் முத்து நேத்து பம்ப்பை மிதிச்சு மிதிச்சு அடைச்ச காத்துல பாதி எந்த வழியாவோ போயாச்சு, மிச்சக் காத்துல நானும் என் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கிட்டுக் கிடக்கோம். பட்டப்பகல்ல உலகம்மாள் தூங்கறாங்க. இதை போட்டோ எடுத்து முத்துவுக்குக் காட்டணும், ஆனா கையை நீட்டினா மெத்தை ஆடும். அம்மா பகல்ல படுத்து நான் பார்த்ததே இல்லைன்னு அவன் சொல்லியிருக்கான், அவனைப் பெத்த அன்னைக்குக்கூட தோசைக்கு ஆட்டி வச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். அந்த மனுஷி இப்ப வாயை லேசாத் திறந்து, மூக்குத்தி மினுங்க, ஒரு கையை என் முழங்கை மேல போட்டுக்கிட்டு, இந்தப் பச்சை டென்ட்டுக்குள்ள நிம்மதியாக் குறட்டை விடறாங்க. பேட்டரி ஃபேன் எங்க ரெண்டு பேருக்கும் மாறி மாறித் திரும்புது. அவங்க பக்கம் போறப்ப குறட்டை குறையுது, என் பக்கம் வர்றப்ப கூடுது. வெளியே ஆத்துல முழங்கால் தண்ணிதான், ஆனா சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை, யாரோ நுங்கு சீவறாங்க, யாரோ யாரையோ குளிக்கக் கூப்பிட்டு அவங்க வரமாட்டேங்கறாங்க. எனக்கு எழுந்திருக்கணும். எழுந்து போய் வெளியே நான் வச்சிட்டு வந்த அந்தப் பானையை ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வரணும். எழுந்தா இவங்க முழிச்சிடுவாங்க, முழிச்சா "என்னம்மா, ஏதும் வேணுமா"ன்னு விருந்தாளியைக் கேட்கற மாதிரி கேட்பாங்க. மத்த வீட்டு மருமகள்களையெல்லாம் "ஏட்டி"ன்னு ஒரு அதட்டு. எனக்கு மட்டும் "ம்மா". மரியாதைதான், எனக்குப் பிடிக்கலை.

சொகுசுன்னா இதுதான் சொகுசு, அதைச் சொல்லியே ஆகணும். முத்து வீட்டுக் குலசாமி, ஊத்தடி சாஸ்தா கோயில்ல பங்குனி உத்திரத்துக்குக் காட்டுக்குள்ள போய்த் தங்கணும்னு சொன்னப்ப நான் நினைச்சது பாம்பு, அட்டை, கக்கூஸ். முத்து நினைச்சது நான் பாதியில பஸ் ஏறிடுவேன்னு. அந்தப் பயத்துல அவன் வாங்கிக் குவிச்சதுதான் டென்ட், மெத்தை, ஃபேன், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம். அவன் சொந்தக்காரங்க மரத்துக்கு மரம் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கீழே பழைய சேலையை விரிச்சாங்க, முடிஞ்சுது வீடு. எங்க டென்ட்டைப் பார்த்து நேத்து முழுக்கச் சிரிப்பு. "ஏல மாசானம், கல்யாண மண்டபமால கட்டுத"ன்னு பெரியத்தை கேட்டாங்க. மாசானமுத்து என் ஆபீஸ்ல முத்து, இங்க மாசானம். பெரியத்தைன்னா அவனோட பெரியப்பா சம்சாரம் கனியம்மா, இந்தக் கூட்டத்துக்கே வாய் அவங்கதான். அந்தப் பெரியத்தை காலையில "சும்மா எப்படி இருக்குன்னு பாக்கேன்"னு வந்து மெத்தை ஓரமா உட்கார்ந்தாங்க, அப்புறம் சாஞ்சாங்க, அப்புறம் எழுப்பறதுக்கு ஆள் வர வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் வரிசைதான். ஒவ்வொருத்தரா வந்து படுத்து ஆடிப் பார்த்துட்டு "வயித்தக் கலக்குதுட்டி"ன்னு சிரிச்சுட்டுப் போனாங்க. கடைசியா வந்தவங்க இவங்க. "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்"னு சொல்லிட்டே படுத்தாங்க, சொல்லி முடிக்கறதுக்குள்ள தூக்கம். வேற என்ன செய்வாங்க, செய்யறதுக்கு இங்க ஒண்ணும் இல்லையே. ஆத்தங்கரை பூரா குடும்பம், ஒரு இடத்துல அடுப்பு இல்லை, புகை இல்லை, கண்ணைக் கசக்கற பொம்பளை ஒருத்தர் இல்லை. வீட்டுல கட்டிட்டு வந்த புளிச்சோறு, தேங்காய் போட்ட அவல், வெள்ளரிக்காய், மோர். ஆம்பளைங்கதான் டீ இல்லாம மரத்தடியில சோர்ந்து கிடக்காங்க. பொம்பளைங்க அத்தனை பேரும் காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசறாங்க, இத்தனை வருஷம் இந்தத் திருவிழாவுக்கு வந்து இன்னைக்குத்தான் சாமி அலங்காரத்தை முழுசாப் பார்த்தேன்னு ஒரு சித்தி சொன்னாங்க, எனக்கு அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

தீ வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. மலை காய்ஞ்சு கிடக்கு, ஒரு பொறி போதும்னு பாரஸ்ட்காரங்க விறகடுப்பு வேண்டாம், கேஸ் வேண்டாம், சூடம் வேண்டாம், பீடியும் வேண்டாம்னுட்டாங்க. சாமி முன்னாடி கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒரே ஒரு விளக்கு, அதுக்குக் காவலா மணல் வாளியோட ஒரு பாரஸ்ட்காரர் நிக்கறார். செக்போஸ்ட்டுல தீப்பெட்டியெல்லாம் வாங்கி வச்சிட்டாங்க, பெரியத்தை வீட்டுக்காரர் பெரிய மாமா தீப்பெட்டியைக் குடுத்துட்டு பீடிக்கட்டோட உள்ள வந்தார், பாவம், நேத்துலேர்ந்து ஒரு பீடியைப் பத்த வைக்காமலே வாயில வச்சுக்கிட்டு எல்லார் மேலயும் எரிஞ்சு விழறார். இந்தச் செய்தி பங்காளிகள் வாட்ஸப் குரூப்ல வந்த அன்னைக்கு நான் பாத்ரூம் கதவைச் சாத்திட்டு ஆடினேன். யாருக்கும் தெரியாது. ஏன்னா அது என் வேண்டுதல். கல்யாணம் முடிஞ்ச கையோட இங்க கூட்டிட்டு வந்து நிறுத்தினப்ப எல்லாரும் கண்ணை மூடிப் பிள்ளை, வீடு, பிரமோஷன்னு கேட்டிருப்பாங்க, நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சாமி, எப்படியாவது என்னை அந்த அடுப்பு முன்னாடி உட்கார வைக்காதே. வைக்கலை. கேட்ட உடனே குடுத்துட்டார். அங்கதான் பயம், எங்கேயோ அந்த மலைப் பக்கம் நிஜமாவே தீ பிடிச்சு எரிஞ்சுதாமே, அதுக்கப்புறம்தானே உத்தரவு. சாமி, நான் அடுப்பைச் சொன்னேன், காட்டைச் சொல்லலை. மானெல்லாம் ஓடியிருக்கும். முயலும் ஓடியிருக்கும், அதுங்களுக்குக் கால் இருக்கு. கூட்டுக்குள்ள முட்டை இருந்திருந்தா? வேண்டாம், இதை நினைக்காதே வினோதினி, மழை பெய்யாததுக்கு நீ எப்படிப் பொறுப்பாவ, உனக்கு ஒரு பால் பாக்கெட்டைக் காய்ச்சத் தெரியாது, நீ எங்கே மலையைக் கொளுத்தறது.

தெரியாது, அதுதான் விஷயமே. இந்தக் குடும்பத்துக்கு வர்ற மருமகள் முதல் பங்குனிக்கு இங்க புதுப் பானையில பொங்கல் வைக்கணும். மூணு கல்லு, விறகு, சுத்தி மொத்தக் கூட்டமும் நிக்கும். பானை பொங்கி வழியணும். வழிஞ்சா பூசாரி "யார் பானை"ன்னு கேட்பார், மருமகள் தன் பேரைச் சொல்லணும், சொன்ன உடனே குலவை, அன்னையிலேர்ந்து அவ சாஸ்தா வீட்டுப் பொண்ணு. பொங்காத வரைக்கும் விருந்தாளிதான். பெரியத்தை மருமகள் பானை விரிசல் விட்டு, பால் இறங்கி அடுப்பு அணைஞ்சு, அடுத்த பங்குனி வரைக்கும் அவ சாமி கும்பிடறப்ப பின்வரிசையில நின்னாளாம். அவளே சிரிச்சுட்டேதான் சொன்னா, சொல்றப்ப கையில இருந்த முறுக்கைப் பொடிப்பொடியா உடைச்சிட்டே இருந்தா. நான் சின்ன வயசுலேர்ந்து ஹாஸ்டல். அம்மா இல்லை, அப்பா லாரி எடுத்துட்டு நாக்பூர் போனார்னா எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது. ஹாஸ்டல்ல தட்டை நீட்டினா சோறு விழும், வேலைக்குப் போனேன், அங்கேயும் தட்டை நீட்டினா சோறு விழுந்துச்சு, அப்புறம் நல்லாச் சமைக்கற முத்துவாப் பார்த்துக் கட்டிக்கிட்டேன். எங்க வீட்டுல சமையல் அவன்தான். இது இங்க யாருக்கும் தெரியாது, அவங்க அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தை மாசம் பூரா வேளச்சேரியில எனக்கு ஒத்திகை வச்சான். முதல்ல அரிசி வேகலை. அப்புறம் அடிப்பிடிச்சுது. அப்புறம் பானையே ரெண்டாப் பிளந்து, பால் மேடையிலேர்ந்து வழிஞ்சு ஃபிரிட்ஜுக்கு அடியில போய் நாலு நாள் நாத்தம். "விடு, சாமி பார்த்துக்கும்"னான். சாமிக்குச் சமைக்கத் தெரியுமாடான்னு கேட்டேன்.

அப்ப நான் சந்தோஷமாத்தானே இருக்கணும். இருக்கேன், சத்தியமா இருக்கேன். காலையில ஆத்துல மீன் வந்து காலைக் கடிச்சதுக்கு நான் போட்ட சத்தத்துல மொத்தக் கரையும் சிரிச்சுது, ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்த நுங்கைத் தின்னுட்டு பெரியத்தை கண்ணை மூடி "சொர்க்கம்ட்டி இது"ன்னாங்க, மெத்தை, ஃபேன், மரத்து நிழல் டென்ட் துணியில ஆடறது, இதுக்கு மேல என்ன வேணும். ஆனா உத்தரவு வந்த அன்னைக்கு சாயங்காலமே அத்தை போன் பண்ணினாங்க. "பரவாயில்லம்மா, பானையெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கிடலாம், இந்த வருசம் நீங்க சும்மா வந்துட்டுப் போங்க." வந்துட்டுப் போங்க. நல்லவிதமாத்தான் சொன்னாங்க. ஆடின காலு அப்படியே நின்னுடுச்சு. பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு இவங்க வயசு கேட்கலை, சம்பளம் கேட்கலை, நேரா அப்பாவைப் பார்த்து "உங்களுக்கு எந்தச் சாமிங்க"ன்னு கேட்டாங்க. அப்பா என்னைப் பார்த்தார். வியாசர்பாடியில எங்க வீட்டுச் சுவர்ல லாரி ஓனர் குடுத்த காலண்டர்தான், அதுல மாசத்துக்கு ஒரு சாமி. எங்க தாத்தா எந்த ஊர்லேர்ந்து மெட்ராஸுக்கு வந்தார்னே அப்பாவுக்குத் தெரியாது, சாமியை எங்கே போய்த் தேடறது. "முருகன்னு வச்சுக்கங்க"ன்னார். அத்தை மேல கேட்கலை, தலையை ஆட்டிட்டு கேசரியை எடுத்தாங்க. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சார். அவருக்கு வேர்க்கவே இல்லை. டேபிள் ஃபேன் காத்து நேரா அவர் மேலதான் அடிச்சிட்டிருந்துது, அவர் துடைச்சிட்டே இருந்தார். அந்தத் துண்டுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருது. எனக்குச் சாமி பக்தியெல்லாம் பாதிதான், பரீட்சைக்கு முன்னாடி நாள் மட்டும் முழுசு. ஆனா யாராவது கேட்டா முகத்தைத் துடைக்காம பதில் சொல்றதுக்கு எனக்கு ஒரு இடம் வேணும். அடுப்பும் வேண்டாம், இடமும் வேணும்னா எப்படின்னு சாமி கேட்பார். கேட்கட்டும். நியாயமான கேள்விதான்.

தண்ணி எங்கே போகுது? இதுதான் காலையிலேர்ந்து என் மண்டையைக் குடையுது. தீ இல்லாததால சாமிக்கு இன்னைக்குச் சாயங்காலம் பானகமும் வடப்பருப்பும்தான், பாசிப்பருப்பை வேக வைக்காம ஊறவச்சு மாங்காயும் தேங்காயும் கலந்து படைக்கறது. வாங்கின புதுப் பானை சும்மா இருக்க வேண்டாம், அதுல பருப்பை ஊறப்போடுங்கன்னு அத்தைதான் சொன்னாங்க. எவ்வளவு போடணும் அத்தைன்னு கேட்டேன், "பானைக்குத் தக்கன போடும்மா"ன்னுட்டு மாங்காய் நறுக்கப் போயிட்டாங்க. பானைக்குத் தக்கனன்னா என்ன அளவு, அது எந்தக் கணக்கு, கேட்டா என் குட்டு உடைஞ்சிடும். வழக்கப்படி வீட்டுக்கு ஒருத்தர் வந்து ஒரு பிடி போட்டாங்க, அரிசிக்குப் பதிலா பருப்பு. அப்பவும் பானை பாதிகூட நிறையலை. சாமி பானை குறைப் பானையா இருக்கக் கூடாதுன்னு பெரியத்தை நேத்து யார்கிட்டயோ சொன்னது காதுல இருந்துச்சு, அதனால கோணிப்பையில இருந்த மிச்சப் பருப்பையும் கழுத்து வரைக்கும் கொட்டி, ஆத்துத் தண்ணியைத் தளதளன்னு ஊத்தி, மஞ்சள் கொத்தைக் கட்டி, மூணு கல்லு மேல வச்சேன். கல்லு எதுக்கு அத்தை, தீதான் இல்லையேன்னேன். "அடுப்பு அடுப்பாட்டு இருக்கட்டும்மா"ன்னாங்க. மேல ஒரு எவர்சில்வர் தட்டைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா தண்ணியைக் காணோம். ஊத்தினேன். குளிச்சிட்டு வந்து பார்த்தா மறுபடி காணோம். ஊத்தினேன். சாப்பிட்ட பிறகு இன்னொரு சொம்பு. பானையில விரிசலா? கல்லைத் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. ஈரம் இல்லைன்னா ஒழுகலை, ஒழுகலைன்னா எங்கே போகுது? மண் குடிக்குதா? புதுப் பானை தண்ணி குடிக்கும்னு ஹாஸ்டல் வார்டன் சொல்லியிருக்காங்க, ஆனா இவ்வளவா குடிக்கும்? விரிசல்தான். கண்ணுக்குத் தெரியாத விரிசல். பொங்கல் வைக்காமலே என் பானை விரிஞ்சிருக்கு, பெரியத்தை மருமகளுக்காவது தீ வச்சப்புறம் விரிஞ்சுது. சாயங்காலம் தூக்கறப்ப அடி கழண்டு எல்லார் முன்னாடியும் பொத்துனு விழும், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, தலையை மட்டும் ஆட்டுவாங்க, நான் எந்தத் துண்டை எடுத்துத் துடைக்கறது. எழுந்து பார்த்துட்டு வந்துடலாமா. இந்தப் பக்கமா மெதுவா ஒரு காலை. மெத்தை புஸ்ஸுங்குது. அத்தை குறட்டையை நிறுத்தறாங்க. நான் மூச்சை நிறுத்தறேன். ஃபேன் அவங்க பக்கம் போயிட்டுத் திரும்பி என் பக்கம் வருது. குறட்டை மறுபடி ஆரம்பிக்குது, அவங்க கை என் முழங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்குது, தூக்கத்துல யாரோட கைன்னு நினைச்சாங்களோ. நல்லா இருக்கு. பயமாவும் இருக்கு, நல்லாவும் இருக்கு. இப்படியே சாயங்காலம் வராமலே போயிட்டா இன்னும் நல்லா இருக்கும்.

டணார்னு ஒரு சத்தம். தட்டு. அது என் தட்டு கல்லுல விழற சத்தம், எனக்கு வேற எந்தத் தட்டும் இந்த உலகத்துல இல்லை. "ஏ உலகம்மா, எந்திரிட்டி, பானை பொங்குதுட்டி"ன்னு பெரியத்தை குரல், ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் எகிறி எழுந்தேன், எழுந்த வேகத்துல அந்தப் பக்கம் அத்தை உருண்டு டென்ட் துணியில போய் முட்டி, கொண்டை அவிழ, "என்னது, என்னது"ன்னு கேட்டுட்டே என் பின்னாலயே தவழ்ந்து வெளியே வந்தாங்க. கூட்டம் கூடியாச்சு. நடுவுல மூணு கல்லு, மேல என் பானை. கழுத்துக்கு மேல மஞ்சளா ஒரு குவியல் எழுந்து நிக்குது, நாங்க பார்க்கப் பார்க்க ஒரு பக்கம் சரிஞ்சு, மஞ்சள் கொத்து மேல இறங்கி, நுரையும் பருப்பும் பானை வயித்துல வழியுது. கீழே ஒரு சுள்ளி இல்லை, சாம்பல் இல்லை. பெரிய மாமா வாயிலேர்ந்து பீடி விழுந்துச்சு. அப்பத்தான் பாரஸ்ட்காரர் மணல் வாளியோட ஓடி வந்தார். "யாருங்க அடுப்பு பத்த வச்சது?" குனிஞ்சு கல்லுக்கு நடுவுல கையை விட்டார், எடுத்தார், பானையைத் தொட்டார், இன்னொரு கையாலயும் தொட்டார். "ஜில்லுனுல்லா இருக்கு"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு வாளியைக் கீழே வச்சார். அப்புறம் ஓரமாப் போய் பூட்ஸைக் கழட்டினார்.

எனக்கு இப்பத்தான் தண்ணி எங்கே போச்சுன்னு தெரிஞ்சுது. கழுத்து வரைக்கும் பருப்பைக் கொட்டினவளுக்கு அது ஊறினா ரெண்டு மடங்காகும்னு தெரியலை, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியலை. இது அற்புதம் இல்லை, இது அசட்டுத்தனம், இதை நான் சொல்லணும், இப்பவே சொல்லணும். பூசாரி வந்து பானையைப் பார்த்துட்டு, தொண்டையைச் செருமிட்டு, "யார் பானை?"ன்னார். அத்தை முன்னால போனாங்க. கொண்டையை முடிஞ்சுக்கிட்டே குனிஞ்சு, வழிஞ்ச பருப்புல ரெண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தாங்க, பானைக்குள்ள பார்த்தாங்க, ஓரமாக் கிடந்த காலிக் கோணிப்பையைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. முடிஞ்சுது என் கதை. கிட்ட வந்து காதோட காதா, "எம்புட்டுட்டி போட்ட?"

"எல்லாத்தையும் அத்தை."

"தண்ணி?"

"வத்த வத்த ஊத்தினேன். விரிசல்னு நினைச்சேன்."

சேலைத் தலைப்பை எடுத்து வாயில பொத்திக்கிட்டாங்க. வயிறு குலுங்குது, தோள் குலுங்குது, கண்ணுல தண்ணி வருது, கூட்டம் அவங்க அழறாங்கன்னு நினைச்சுக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, அடக்க அடக்க வருது. "அத்தை, இது தப்பு, நான் சொல்லிடறேன்"னேன். "எது தப்பு? சாமிக்குத் தெரியாமயா பருப்பு வீங்குச்சு? பூசாரி கேக்காருல்லா, பேரச் சொல்லுட்டி."

"வினோதினி."

"சத்தமா."

"வினோதினி பானை"ன்னேன், கத்தியே சொன்னேன், மலையில முட்டித் திரும்பி வந்துச்சு. அத்தைதான் முதல்ல குலவை போட்டாங்க, அப்புறம் பெரியத்தை, அப்புறம் அத்தனை பொம்பளைங்களும், முறுக்கை உடைச்ச அந்த மருமகள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையும் போடச் சொன்னா, நாக்கை எப்படிச் சுழட்டறதுன்னு தெரியாம எனக்கு வெறும் காத்துதான் வந்துச்சு, யாரும் அதைக் கண்டுக்கலை. ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலை அப்பாவுக்குப் போன். அப்பா, இனிமே எந்தச் சாமின்னு யாராவது கேட்டா என்கிட்ட அனுப்பு, நான் சொல்லிக்கறேன். பருப்பு இன்னும் வழியுது. பெரியத்தை ரெண்டு குண்டான் கொண்டு வந்து கீழே பிடிக்கறாங்க, இத்தனை பருப்புக்கு மாங்காய் பத்தாதேன்னு யாரோ கவலைப்படறாங்க, முத்து ஆத்துலேர்ந்து சொட்டச் சொட்ட ஓடி வந்து கூட்டத்துக்குப் பின்னால எக்கி எக்கிப் பார்க்கறான்.

"அடுத்த வருசம் மழை பெஞ்சா தீ இருக்கும்"னாங்க அத்தை, கண்ணைத் துடைச்சுக்கிட்டே.

"அதுக்குள்ள சமைக்கக் கத்துக்கறேன் அத்தை."

"நீ எதுக்குக் கத்துக்கிடுத? உங்க வீட்டுல அவந்தான சமைக்கான். இன்னைக்கு என்ன குழம்புன்னு போன்ல கேட்டா நீ போனை அவங்கிட்டல்லா குடுக்க." நான் தலையைக் குனிஞ்சேன். அவங்க என் கையைப் பிடிச்சு டென்ட் பக்கமா இழுத்தாங்க. "அவனை அடுப்புல உக்கார வைப்போம். நீயும் நானும் இங்கன படுத்துக்கிடுவோம். காத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட அடைக்கச் சொல்லுட்டி."